கூரை வடிகால்: கழுவுவதா, மூடுவதா, எடுத்துவிடுவதா?

சிங்கப்பூரில் தரைவீடு வைத்திருக்கும் நம்மவர்கள் பலருக்குக் கூரை வடிகாலின் நினைவு தீபாவளிக்கு முன்புதான் வருகிறது. வண்ணம் பூச வந்தவர் சுவரில் மேலிருந்து கீழாக வழிந்திருக்கும் கறுப்புக் கோடுகளைக் காட்டி, "மேலே அடைப்பை எடுக்காமல் பூசினால் இரண்டு மழையில் மறுபடியும் வந்துவிடும்" என்று சொன்ன பிறகே அண்ணாந்து பார்க்கிறோம். அவர் சொல்வது சரிதான். பருவமும் அதற்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வலுக்கிறது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, ஜனவரி வரை அதன் ஈரக் கட்டம் நீடிக்கிறது. எனவே எப்போது என்பதைவிட எந்த வழியில் என்பதே பெரிய கேள்வி. நாமே ஏணி வைத்து ஏறுவது, அடைத்துக்கொள்ளும்போது ஆளை அழைப்பது, ஆண்டு ஒப்பந்தம் போடுவது, வடிகாலின் மேல் வலை பொருத்துவது, வடிகாலையே எடுத்துவிடுவது ஆகிய ஐந்தும் இங்கே நடைமுறையில் இருக்கின்றன. இவற்றை விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் முடிவு தவறாகவே அமையும். மழை, கொசு என்று இரண்டு தனித்தனிக் கணக்குகளை ஒவ்வொரு வழியும் தீர்க்க வேண்டியிருக்கிறது.

மழைக் கணக்கை முதலில் பார்ப்போம். இத்தீவில் சராசரியாக ஆண்டுக்கு 171 நாள் மழை பெய்கிறது. ஆண்டுச் சராசரி 2,100 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அது ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியைவிட அதிகம். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் 100 லிட்டர் தண்ணீர் சேரும். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் பெய்யும் கனமழையில் அதே கூரையிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் இறங்கியாக வேண்டும். இறங்கு குழாயின் வாயில் ஒரு கைப்பிடி இலைச்சேறு இருந்தாலும் அந்த வேகம் தடைபட்டு, தண்ணீர் தேங்கத் தொடங்கிவிடும். 15 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள வடிகாலில் பத்து மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் நிரம்பி நின்றால் அதன் எடை 225 கிலோ. தகர வடிகால் தொய்வதும், அதைத் தாங்கும் கொக்கிகள் மரச்சட்டத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதும் இதனால்தான்.

பழைய வரிசை வீடுகளில் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் கான்கிரீட் வடிகால் இதைவிட ஆபத்தானது. அது தொய்வதும் இல்லை, வெளியே வழிந்து எச்சரிப்பதும் இல்லை. தேங்கிய நீர் ஓடுகளின் அடியில் ஏறி, அல்லது நீர்காப்புப் பூச்சின் வெடிப்பில் நுழைந்து, உட்கூரையில் மஞ்சள் வட்டமாகத் தெரிவதற்குள் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். துரு பருத்தால் கான்கிரீட் பெயர்ந்து விழும். பறவை எச்சத்தில் வந்த அத்திவகை விதை அந்தச் சேற்றில் முளைத்து வேரை வெடிப்புக்குள் இறக்கிவிட்டால், செடியைப் பிடுங்கினாலும் வேர் உள்ளேயே நின்றுவிடும். வீட்டுக் காப்புறுதி இதற்குக் கைகொடுக்கும் என்று நம்பியிருப்பவர்கள் பத்திரத்தை எடுத்துப் படிப்பது நல்லது. படிப்படியான கசிவையும் பராமரிப்புக் குறைவால் வரும் சேதத்தையும் பெரும்பாலான பத்திரங்கள் விலக்கியே வைத்திருக்கின்றன.

கொசுக் கணக்கு வேறு வேகத்தில் ஓடுகிறது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். காய்ந்த வடிகாலில் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரியும். அதனால்தான் தேசியச் சுற்றுப்புற வாரியம் டெங்கிக்கு எதிராக வீடுகளுக்குச் சொல்லும் ஐந்து நடவடிக்கைகளில், கூரை வடிகாலை அடைப்பின்றி வைத்து அதில் பிடிஐ என்னும் நுண்ணுயிர் மருந்தை இடுவதும் ஒன்றாக இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை கழுவுவது மழைக்குப் போதும். ஒரு வாரத்தில் பெருகும் கொசுவுக்கு அது எந்த வகையிலும் போதாது. நான் பார்த்த விலைப்பட்டியல்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஏணி வைத்து நாமே ஏறுவது செலவில்லாத வழி. கார் நிறுத்தும் கொட்டகை, சமையலறைப் பின்கூரை போன்ற ஒருமாடி உயரக் கூரைகளுக்கு அது நியாயமான வழியும்கூட. ஏணியின் அடி, அது சாயும் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தள்ளி நிற்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இடி பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகிறது என்பதால் காலையிலேயே வேலையை முடித்துவிட வேண்டும். இரண்டாம் மாடிக் கூரைக்கு மட்டும் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2013ஆம் ஆண்டின் உயரமான இடத்தில் வேலை செய்வது தொடர்பான விதிமுறைகள், 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய அபாயமான வேலைக்கு அனுமதிச் சீட்டு முறையைக் கட்டாயமாக்கியுள்ளன. பயிற்சி பெற்றவர்களுக்கே அத்தனை கட்டுப்பாடு இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறும் வீட்டுக்காரருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? வீட்டுப் பணிப்பெண்ணை ஏறச் சொல்வதோ மன்னிக்க முடியாத செயல். ஜன்னலின் வெளிப்புறத்தைத் துடைப்பதற்கே கம்பித் தடுப்பு பூட்டியிருக்க வேண்டும், வீட்டுப் பெரியவர் உடனிருக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு விதித்திருக்கிறது.

அடைத்துக்கொள்ளும்போது ஆளை அழைப்பதுதான் பலரும் செய்வது; ஐந்து வழிகளிலும் மோசமானது அதுதான் என்பது என் கருத்து. அடைப்பு இருப்பது நமக்குத் தெரியவருவதே கசிவு தொடங்கிய பிறகுதான். டிசம்பர் அடைமழையில் எல்லாரும் ஒரே வாரத்தில் அழைப்பார்கள். ஈரக் கூரையில் ஏற ஆளும் கிடைக்காது, ஏறினாலும் பாதுகாப்பில்லை. ஒருவர் வந்து குழாயின் வாயிலிருந்த இலையை அள்ளிப் போட்டுவிட்டு, தண்ணீர் இறங்குகிறது என்று காட்டிப் போய்விடுவார். குழாயின் வளைவில் மைனா கட்டிய கூடு அங்கேயே இருக்கும்.

ஆண்டு ஒப்பந்தம் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் எந்தெந்த மாதத்தில் வருவார்கள் என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது. இங்கே இலையுதிர் காலம் என்று ஒன்று தனியாக இல்லாததால், சிலர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று எழுதிக்கொண்டு ஜனவரி, ஜூலையில் வருகிறார்கள். ஜனவரிக்குள் பெருமழையில் பாதி முடிந்துவிடும். நம் சாலையோர மரங்கள் பல, பிப்ரவரி முதல் மார்ச் தொடக்கம் வரை நீடிக்கும் வறண்ட நாள்களில் இலை கொட்டி, பிறகு துளிர்க்கின்றன. ஆகவே அக்டோபர் இறுதிக்குள் ஒன்று, மார்ச் இறுதியில் ஒன்று என்று நாள் குறிப்பதே பொருத்தமானது. பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம் மாதந்தோறும் பிடிஐ மருந்து இட வருகிறது என்றால், அந்த ஒப்பந்தத்தோடு இதையும் இணைத்துக் கேட்கலாம். மாதம் ஒரு முறை ஒருவர் கூரையைப் பார்க்கிறார் என்பதே கழுவுவதைவிடப் பெரிய பயன்.

வலையைப் பற்றி விற்பவர்கள் சொல்வது ஒன்று, கூரையில் நடப்பது வேறு. மாமர இலை, பலா இலை போன்ற அகன்ற இலைகளை அது நன்றாகத் தடுக்கிறது. தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலையோ விரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. உலர்ந்து சுருண்டால் சாதாரண வலைக்கண்ணில் நழுவிவிடும். இயல்வாகையின் மஞ்சள் இதழ்களும் அப்படித்தான். உள்ளே விழுந்தவை மட்கிக் கறுப்புக் களியாகின்றன. அதை எடுக்க இப்போது வலையையும் கழற்ற வேண்டும். கண் சிறிதாக உள்ள வலையைப் போட்டால், நனைந்த இதழ்கள் அதன் மேல் படலமாக ஒட்டி, கனமழையில் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்காமல் அதைத் தாண்டிச் சுவரில் கொட்டுகிறது. கொசுவுக்கு வலை ஒரு தடையே அல்ல; அடியில் தேங்கியிருப்பதைப் பார்க்க முடியாமல் மறைப்பதால் அது கெடுதலாகவும் முடியலாம். வீட்டருகே தூங்குமூஞ்சியோ இயல்வாகையோ இருந்தால் வலைக்குச் செலவிட வேண்டாம் என்பேன். குழாயின் வாயில் மட்டும் குமிழ் வடிவக் கம்பிக்கூடை வைப்பது மலிவு, பறவையையும் தடுக்கும், கையால் எடுத்துக் கழுவவும் முடியும். மரத்தை வெட்டிவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு: சாலையோர மரம் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் உள்ளது. கிளை கூரையில் உரசினால் அவர்களிடம் சொல்லுங்கள், அரிவாளை எடுக்காதீர்கள்.

மழை, கொசு இரண்டுக்கும் ஒருசேர விடை தருவது வடிகாலையே எடுத்துவிடும் வழிதான். புதுக் கட்டடங்களில் கூரை வடிகாலை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பதே சுற்றுப்புற வாரியத்தின் நிலைப்பாடு. கூரையின் விளிம்பைச் சுவருக்கு வெளியே போதிய அளவு நீட்டி, விழும் நீரைத் தரையைச் சுற்றியுள்ள திறந்த கால்வாயில் வாங்கிக்கொண்டால், தேங்குவதற்கு மேலே இடமே இல்லை. கீழே உள்ளதைத் துடைப்பத்தாலேயே தள்ளிவிடலாம். இதற்குச் சுற்றிலும் சொந்த நிலம் வேண்டும். தனி பங்களாவுக்கு எளிது. இரட்டை வீட்டுக்கு மூன்று பக்கம் முடியும். செராங்கூன் கார்டன்ஸ் போன்ற இடங்களில் உள்ள வரிசை வீடுகளில் பொதுச்சுவரை ஒட்டிய பக்கத்துக்கு வழியில்லை, நம் கூரைத் தண்ணீரை அண்டை வீட்டில் விட முடியாது. கூரையை மாற்றும் தருணத்தில்தான் இதைச் செய்ய முடியும் என்பதால், ஓடு மாற்ற விலை கேட்கும்போதே கட்டடக் கலைஞரிடம் இதையும் கேட்டுவிட வேண்டும்.

அது வாய்க்காதவர்களுக்கு நான் முதலில் சொல்வது சாய்வைச் சரிசெய்வதைத்தான். கழுவி முடித்த வடிகாலில் ஒரு வாளித் தண்ணீரை மேல் முனையில் ஊற்றிப் பாருங்கள்; அரை மணி நேரம் கழித்தும் நடுவில் குட்டை நின்றால், எத்தனை முறை கழுவினாலும் அந்த இடம் கொசுவுக்கே சொந்தம். கான்கிரீட் வடிகாலில் சாய்வுப் பூச்சு போட்டு, மேலே நீர்காப்புப் பூசி, குழாயின் வாயைப் பெரிதாக்குவது ஒருமுறைச் செலவு. அதைச் செய்த வீட்டில் ஆண்டு ஒப்பந்தம் இரு மடங்கு பயன் தரும். செய்யாத வீட்டில் அது பாதி வேலைதான்.

வரிசை வீட்டுக்காரர் என்றால் சாய்வைச் சரிசெய்துவிட்டு, அக்டோபர், மார்ச் ஒப்பந்தமும் மாத மருந்தும் வைத்துக்கொள்ளலாம். தனி வீடு, பழைய ஓடு என்றால் அடுத்த கூரை மாற்றத்தில் வடிகாலை எடுக்கத் திட்டமிட்டு, அதுவரை ஒப்பந்தத்தில் காலம் தள்ளலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அள்ளிய சேற்றை அவர்களே அப்புறப்படுத்துவார்களா, இறங்கு குழாயின் அடிமுனை வரை தண்ணீர் விட்டுச் சோதிப்பார்களா, சூரியத் தகடுகள் இருந்தால் அவற்றின் கீழ் ஓரத்தில் சிக்கிய இலையையும் எடுப்பார்களா, கூரையில் ஏறுபவர்களுக்கு உயர வேலைப் பயிற்சியும் காப்புறுதியும் இருக்கின்றனவா என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே கோணத்தில் எடுத்த படங்களைத் தருவதாகச் சொல்பவருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் அது வீண்செலவு ஆகாது. அடுத்த அக்டோபரில் எந்த மூலையில் நீர் தேங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படங்களே உதவும்.