சீவா: உப்பு மண் வீடா, சிமென்ட் வீடா?

எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், லிபிய எல்லைக்கு அருகே இருக்கிறது சீவா பாலைவனச் சோலை. அங்கே பழைய வீடுகளின் மூலப்பொருள் 'கர்ஷீஃப்'. உப்பு ஏரிக்கரையில் படியும் உப்பும் களிமண்ணும் கலந்த கட்டிகள் அவை. களிமண் சாந்து பூசி அடுக்கினால், காயும்போது உப்பு படிகமாகி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். கூரைக்குப் பேரீச்ச மரத் தண்டு. சுவர் தடிமனானது, பகல் வெயில் உள்ளே வரவே நேரம் எடுக்கும்.

சரி, குறை? மழை. உப்பு கரையும். 1926இல் மூன்று நாள் பெய்த மழையில் சீவாவில் குன்றின் மேல் இருந்த 13ஆம் நூற்றாண்டு ஷாலி கோட்டை ஊர் பெரிதும் சிதைந்தது. மக்கள் கீழே இறங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். மழை அங்கே அபூர்வம்தான், ஆனால் ஒரு முறை போதுமே!

அப்புறம் வடக்கே கடலோர நகரான மர்சா மத்ரூவிலிருந்து தார்ச்சாலை வந்தது, கூடவே சிமென்டும். கான்கிரீட் வீட்டை மழை கரைக்காது, ஆண்டுதோறும் பூசத் தேவையில்லை, மாடி எழுப்பலாம், குழாய் பதிப்பதும் சுலபம். ஆனால் மெல்லிய சுவர் கோடையில் சூடேறி, இரவிலும் அனலை விடும். மின்விசிறி, ஏசி என்று செலவு தொடரும்.

வேடிக்கை என்னவென்றால், உள்ளூர்க்காரர் சிமென்டுக்கு மாற, வெளிநாட்டுப் பயணிகள் மின்சாரமே இல்லாத கர்ஷீஃப் விடுதியில் தங்கப் பெரும் பணம் கொடுக்கிறார்கள். பராமரிக்க ஆள் இருந்தால் என் ஓட்டு கர்ஷீஃபுக்கே. குளியலறையை மட்டும் சிமென்டில் கட்டிக்கொள்வேன்.