தினசரி ஓட்டத்துக்கு ஸ்போர்ட்ஸ் கார்: சென்னையில் எது சரிப்படும்?

சென்னை மாநகருக்குள் காருக்கு வேக வரம்பு மணிக்கு 60 கி.மீ., குடியிருப்புத் தெருக்களில் 30. 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை நடைமுறைக்குக் கொண்டுவந்த கணக்கு இது. பிஎம்டபிள்யூ எம்340ஐ நின்ற இடத்திலிருந்து 100ஐத் தொட 4.4 விநாடி எடுத்துக்கொள்ளும். அப்படியென்றால் 60ஐ மூன்று விநாடிக்குள் தொட்டுவிடும். மத்திய கைலாஷில் பச்சை விழுந்ததும் மிதித்தால் அன்றைய கூத்து அத்தோடு சரி. மீதி ஒரு மணி நேரமும் முன்னால் நிற்கும் வேனின் பம்பரைப் பார்த்தபடி ஊர்வதுதான்.

அதனால் பவர் எண்ணை வைத்துக் காரைத் தேடத் தொடங்கினால் தவறான காரில்தான் போய் முடியும். இந்த ஊரில் தினமும் ஓட்டி ரசிக்க வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ், அடுத்தது டயர். குதிரைத்திறன் அதற்கெல்லாம் பிறகு.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை ஐந்து. ஹூண்டாய் ஐ20 என் லைன்: 998 சிசி டர்போ, 120 பிஎஸ் (குதிரைத்திறன்), 172 நியூட்டன்மீட்டர் முறுக்குவிசை. ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி: 1.5 லிட்டர் டர்போ, 150 பிஎஸ், 250 நியூட்டன்மீட்டர். மினி கூப்பர் எஸ்: 2 லிட்டர், 204 பிஎஸ், 300. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ: 2 லிட்டர், 265 பிஎஸ், 370. கடைசியாக எம்340ஐ: ஆறு சிலிண்டர் 3 லிட்டர், 374 பிஎஸ், 500. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸும் இந்த வரிசையில் நிற்க வேண்டிய வண்டிதான். ஆனால் 2025இல் இந்தியாவுக்கு வந்ததே 100 கார். அவையும் விற்றுத் தீர்ந்துவிட்டன. ஐந்தில் இரண்டு நம்மூர்த் தயாரிப்பு. ஐ20 இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது, 3.7 கி.மீ. ரேஸ் டிராக் இருக்கும் அதே ஊரில். எம்340ஐயைப் பூட்டுவது மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில்.

கியர்பாக்ஸ்

ஐந்து காரிலும் ஆட்டோமேட்டிக் கிடைக்கும், ஆனால் எல்லாம் ஒரே ரகம் இல்லை. விர்டஸ் ஜிடியின் 7 ஸ்பீடு டிஎஸ்ஜியும் ஐ20இன் 7 ஸ்பீடு டிசிடியும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்கள், அதிலும் உலர் வகை. கிளட்ச் தட்டுகளுக்குக் குளிர்ச்சி காற்றிலிருந்து மட்டும்தான். வண்டி நடை வேகத்தில் ஊரும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் பாதி வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கும் ஒவ்வொரு நொடியும் சூடு. மெட்ரோ வேலையால் சுருங்கிப்போன ஓஎம்ஆரில் சித்திரை வெயிலில் நாற்பது நிமிடம் ஊர்ந்தால் அந்தச் சூடு போக வழியே இல்லை. ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது வண்டி 'தடதட' என்று குலுங்கத் தொடங்குவதுதான் முதல் அறிகுறி. அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் கிளட்ச் செட், பிறகு கியர் மாற்றத்தை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் என்று செலவு ஏறும்.

உலர் கிளட்ச் வண்டிதான் வேண்டும் என்றால் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். முன்னால் இரண்டு அடி நகர்ந்ததும் நீங்களும் நகராதீர்கள். ஒரு கார் நீளமாவது இடைவெளி விழட்டும், பிறகு பிரேக்கை முழுதாக விட்டு ஒரே மூச்சாகப் போய் நில்லுங்கள். ஊரும் இடங்களில் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி முதல் கியரிலேயே வைத்திருந்தால், ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே அது தத்தளிப்பது குறையும். மேம்பாலச் சரிவில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து வைக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கிளட்சைத் தீய்க்க அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

கோல்ஃப், மினி இரண்டிலும் இருப்பதும் இரட்டைக் கிளட்ச்தான், ஆனால் ஈர வகை. தட்டுகள் எண்ணெயில் சுழல்வதால் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். நெரிசலில் இவை பல மடங்கு நிம்மதி. பதிலுக்கு, கியர்பாக்ஸ் எண்ணெயையும் ஃபில்டரையும் கையேட்டில் சொன்ன இடைவெளியில் மாற்றியே ஆக வேண்டும். எம்340ஐயில் இருப்பது பழைய தத்துவத்தில் அமைந்த 8 ஸ்பீடு டார்க் கன்வர்ட்டர். இன்ஜினுக்கும் கியருக்கும் இடையே எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது, ஊர்வதால் தேய்வதற்கு அங்கே தட்டு இல்லை. ஐந்தில் நெரிசலை முகம் சுளிக்காமல் தாங்கும் கியர்பாக்ஸ் இதுதான். அதிக பவர் உள்ள கார் போக்குவரத்தில் சாதுவாக இருப்பது கொஞ்சம் வேடிக்கை.

மேனுவல்? ஐ20, விர்டஸ் இரண்டிலும் 6 ஸ்பீடு மேனுவல் வந்திருக்கிறது. தினசரி ஓட்டத்தில் மகிழ்ச்சி என்று வந்தால் எங்கள் ஓட்டு விர்டஸ் ஜிடி மேனுவலுக்கே. அதன் 250 நியூட்டன்மீட்டர் முழுதும் 1600 ஆர்பிஎம்மிலிருந்தே கிடைப்பதால் 40 கி.மீ. வேகத்தில் மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருக்கும்போது கியரைத் தொடாமலே இழுக்கும்; அடையாறு பாலத்தின் மேல் காலியாக ஒரு நூறு மீட்டர் கிடைத்தால் இரண்டாம் கியருக்கு இறக்கிச் சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே இன்ஜினைப் பாட வைக்கலாம். 374 பிஎஸ் காரில் அதே காரியத்தைச் செய்தால் அபராதச் சீட்டு வரும். ஆனால் சோழிங்கநல்லூர் – சிறுசேரி பாதையில் தினமும் உச்ச நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய் வருபவர் என்றால் மேனுவல் வேண்டாம். மூன்றாவது மாதமே இடது முழங்கால் உங்கள் ரசனையை விசாரிக்கத் தொடங்கிவிடும்.

டயர்

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை வைத்துச் சுவரின் உயரத்தைக் கணக்கிடலாம். 225/40 ஆர்18 என்றால் 225இல் 40 சதவீதம், அதாவது 90 மி.மீ. கோல்ஃப் ஜிடிஐயின் டயர் இது. விர்டஸின் 205/55 ஆர்16இல் சுவர் 113 மி.மீ., ஐ20 என் லைனின் 195/55 ஆர்16இல் 107. அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் சென்னையில் காசு. மழைக்குப் பிறகு தண்ணீர் நிறைந்த குழியின் விளிம்பில் சக்கரம் மோதும்போது, ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவே டயர்ச் சுவர் நசுங்கி உள்ளே உள்ள நூல்கள் அறுகின்றன. அடுத்த நாள் காலையில் சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு. அதைப் பஞ்சர் கடையில் ஒட்ட முடியாது. டயரையே மாற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் அதை வைத்து ஓட்டினால் வெடிக்கும்.

கோல்ஃப் வாங்குபவர்கள் 17 அங்குலத்துக்கு இறங்கலாம். 225/45 ஆர்17இன் மொத்த விட்டம் சுமார் 634 மி.மீ., பழைய டயரின் விட்டம் 637. அரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம் என்பதால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. சுவர் மட்டும் 101 மி.மீ. ஆகிவிடும். ரிம்மைப் பூட்டிக் கையால் சுற்றிப் பார்த்து, பிரேக் காலிப்பரில் உரசவில்லை என்று உறுதி செய்த பிறகே வாங்குங்கள்; காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். எம்340ஐயில் பின் டயர் முன் டயரைவிட அகலம். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்தும் வழி அங்கே இல்லை. பின் ஜோடி சீக்கிரம் தேயும் என்று பட்ஜெட்டில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். எந்தக் காராக இருந்தாலும் பணம் கட்டுமுன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட் மட்டும்தானா என்று பாருங்கள். மினியில் ஸ்டெப்னி கிடையாது.

தரை இடைவெளியும் இதோடு சேர்ந்த விஷயம். விர்டஸுக்கு 179 மி.மீ. வேளச்சேரி உள்தெருக்களில் வீட்டுக்காரர்களே சிமெண்ட் கொட்டிக் கட்டிய ஸ்பீடு பிரேக்கர்களை அது நேராக ஏறி இறங்கும். கோல்ஃபை ஒவ்வொன்றிலும் குறுக்கே திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டியிருக்கும். நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் அப்போதும் வயிறு உரசலாம்.

வண்டி வண்டியாக

ஐ20 என் லைன் ஸ்போர்ட்ஸ் காரே இல்லை என்பவர்கள் உண்டு. வேகத்தை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், இறுக்கிய சஸ்பென்ஷன், நான்கு மீட்டருக்குள் அடங்கும் உடல். தி.நகர் சந்துகளில் ஓட்டுவதற்கு இதைவிடச் சுறுசுறுப்பான வண்டி இந்த விலையில் இல்லை. நெடுஞ்சாலையில் 100க்கு மேல் லாரியை முந்தும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான் குறை.

விர்டஸின் குறை பின் சக்கர டிரம் பிரேக். ஊருக்குள் அதனால் பாதகமில்லை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசிகளை வேகமாக இறங்கி வந்தால்தான் பெடல் கொஞ்சம் தளர்வது தெரியும். இரண்டாம் கியரில் இன்ஜின் பிரேக்கிங் பிடித்து இறங்குங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். கடற்கரை ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மினியின் ஸ்டியரிங் விளையாட்டுக்கு ஈடு இணை கிடையாது. ஆனால் டிக்கி 210 லிட்டர், பின் சீட் பை வைக்கத்தான். சஸ்பென்ஷன் ஒவ்வொரு மேன்ஹோல் மூடியையும் உங்களிடம் எண்ணிச் சொல்லும். வீட்டில் இன்னொரு கார் இருப்பவருக்கு மட்டும்.

கோல்ஃப் ஜிடிஐதான் இந்த ஐந்தில் ஓட்டுவதற்குச் சிறந்த கார். முன் அச்சில் மின்னணு டிஃபரென்ஷியல் லாக் இருப்பதால் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் மூக்கு வெளியே ஓடாமல் உள்ளே இழுக்கும். 380 லிட்டர் டிக்கி, ஐந்து கதவு, குடும்பக் காரின் மரியாதை. ஆனால் அந்தத் திறமை தெரிய வளைவு வேண்டும். நம் ஈசிஆரோ பெரும்பாலும் நேர்க்கோடு. மாதம் ஒருமுறையாவது ஏற்காடு, ஏலகிரி என்று கிளம்புபவருக்கு இதன் விலை செரிக்கும்.

எம்340ஐக்கு வளைவு தேவையில்லை. நான்கு சக்கர இழுவை, அடைமழையிலும் பிடிமானம், ஓசையில்லாத உள்ளறை. ஆனால் ஊருக்குள் அதன் திறமையில் கால்வாசியைக்கூடத் தொட முடியாது என்பதை ஏற்றுக்கொண்டே வாங்க வேண்டும்.

வரியும் வெயிலும்

தமிழ்நாட்டு சாலை வரி 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஐ20 போன்ற காரில் இந்தப் படிக்கட்டைக் கவனியுங்கள்: 9.95 லட்சத்துக்கு வரி ஏறக்குறைய 1.29 லட்சம், 10.05 லட்சத்துக்கு 1.81 லட்சம். விலையில் பத்தாயிரம் கூடினால் வரியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் போகிறது. 18 லட்ச ரூபாய் விர்டஸுக்கு 3.24 லட்சம். 2025 மே மாதம் 53 லட்சத்துக்கு அறிமுகமான கோல்ஃபுக்கு 10.6 லட்சம், அதாவது வரிக்கே ஓர் ஐ20. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும்.

வெயிலில் எல்லா டர்போ இன்ஜினும் சுணங்கும். சிக்னலில் நிற்கும்போது டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு வெளிக்காற்று போகாது; உள்ளே போகும் காற்று சூடாகும்; இன்ஜின் தட்டாமல் (நாக் ஆகாமல்) இருக்க, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், பவர் குறையும். மே மாதப் பகலில் கிண்டி தாண்டியதும் வண்டி சோம்பலாகத் தெரிந்தால் பழுது என்று பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று கி.மீ. தடையின்றி ஓடினால் சரியாகிவிடும். அதனால் டெஸ்ட் டிரைவைக் காலை ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். மதியம் ஒரு மணிக்குப் போய், முதல் இருபது நிமிடம் நெரிசலில் ஓட்டி, ஏசி நிற்கும்போதும் குளிர்கிறதா என்று பார்த்து, பிறகு உங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் நான்கு பேரோடு இறக்கி ஏற்றுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாமல் காப்பீடு எடுக்க வேண்டாம். தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் போன நீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். சாதாரண பாலிசி அதைத் தராது. புயல் எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிற்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் தாழ்வான பேஸ்மென்ட்டில் 60 லட்ச ரூபாய் கார் வைத்திருக்கவில்லை.

பழைய எம்340ஐ, மினி தேடுபவர்கள் 2023 மிக்ஜாம் வெள்ளத்தை மனதில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரியும். சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டில் துரு, டிக்கியில் தரை விரிப்புக்குக் கீழே வண்டல், ஏசி போட்டதும் வரும் பூஞ்சை வாடை – இதில் ஒன்று இருந்தாலும் காப்பீட்டு க்ளைம் வரலாற்றைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.