டர்னிட்டினின் ஏஐ கண்டறிதல்: சதவீதத்தை வைத்துத் தண்டிக்கலாமா?

மாணவர் கட்டுரைகளில் காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளான டர்னிட்டினில் 2023 ஏப்ரலில் வந்த இந்த வசதி, கட்டுரையைத் துண்டு துண்டாக வெட்டி, வாக்கியங்களுக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் போட்டு, கடைசியில் ஏஐ எழுதியது எத்தனை சதவீதம் என்று காட்டும். குறைந்தது 300 சொற்களுக்கு உரைநடை வேண்டும்; பட்டியல், அட்டவணை, கோடிங் கணக்கில் வராது. தமிழ்க் கட்டுரையைப் பார்க்காது.

1 முதல் 19 சதவீதம் வரை வந்தால் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறிதான். அந்த அளவில் வீண்பழிக்கு, அதாவது மாணவரே எழுதியதை ஏஐ எழுதியதாகக் காட்டுவதற்கு, வாய்ப்பு அதிகம் என்று நிறுவனமே சொல்கிறது. நேர்மையான ஏற்பாடு.

சிக்கல் வேறு இடத்தில். காப்பியடித்ததென்றால் மூலப் பக்கத்தைத் திறந்து ஒப்பிடலாம்; இங்கே ஒப்பிட எதுவும் இல்லை. மாணவர் மறுத்தால் ஆசிரியர் கையில் நிறம் பூசிய வரிகள் மட்டுமே மிஞ்சும். வீண்பழி 1 சதவீதத்துக்கும் குறைவு என்பது நிறுவனத்தின் கணக்கு. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதைத் தன் ஓராண்டுக் கட்டுரைகளான 75,000-உடன் பெருக்கிப் பார்த்தது. விடை: வீண்பழி விழக்கூடிய கட்டுரைகள் 750. 2023 ஆகஸ்டில் வசதியை அணைத்துவிட்டது.

ஏற்கெனவே சந்தா கட்டியிருந்தால், சதவீதத்தைப் பார்த்ததும் மெமோ அடிக்காதீர்கள். முதலில் கூகுள் டாக்ஸின் வெர்ஷன் ஹிஸ்டரியை, அதாவது கட்டுரை படிப்படியாக மாறிய பதிவை, கேளுங்கள்: ஒரே ஒட்டில் நான்கு பக்கம் வந்திருக்கிறதா, அடித்துத் திருத்தி வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு நிறம் பூசிய பத்தியை மாணவரையே வாய்மொழியாக விளக்கச் சொல்லுங்கள்.