மேற்கு பார்த்த வாசல், ‘5 வருஷ கேரன்டி’ பாலிஷ், போன பணம் 38,400: வேலூர்க்காரர்கள் கவனம்

இப்போதுதான் அந்தக் கடையிலிருந்து வந்து உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் மரத்துக்கு எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் 38,400 ரூபாய் எப்படிப் போனது என்று கேளுங்கள்.

எங்கள் வீடு மேற்கு பார்த்தது. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மதியம் 1 மணிக்கு வாசலில் ஏறும் வெயில் 6 மணி வரை இறங்காது. தாத்தா வீட்டை இடித்தபோது பத்திரமாக எடுத்துவைத்த 4 தேக்குத் தூண்களை வாசலில் நிறுத்தியிருக்கிறோம். கூடவே தேக்குக் கதவு, மூன்று ஜன்னல். பிப்ரவரியில், வெயில் ஏறுவதற்கு முன் எல்லாவற்றுக்கும் ஏதாவது பூசிவிடலாம் என்று டவுனில் உள்ள ஒரு பெரிய பெயின்ட் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஏசி போட்ட, கண்ணாடிக் கதவு வைத்த கடை.

நான் ஏமாந்த இடம் இதுதான். கல்லாவில் இருந்தவர் எடுத்ததும் விலை சொல்லவில்லை. “வாசல் எந்தப் பக்கம் சார்?” என்று கேட்டார். மேற்கு என்றதும், “அப்போ சாதா வார்னிஷ் தாங்காது சார்” என்றார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. விஷயம் தெரிந்த மனுஷன் என்று நினைத்தேன். மேஜைக்கு அடியிலிருந்து பாலிஷ் போட்ட ஒரு மரத்துண்டை எடுத்து, தன் டம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். தண்ணீர் தாமரை இலையில் உருளுவதுபோல் உருண்டது. “மழையே ஒண்ணும் பண்ணாது, வெயில் என்ன பண்ணும்?” என்றார். அந்தத் துண்டு ஏசி ரூமில் மேஜைக்கு அடியிலேயே கிடந்த துண்டு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. விசிட்டிங் கார்டின் பின்னால் ‘5 வருஷம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பொருளுக்கு 21,900, அவரே அனுப்பும் ஆளுக்குக் கூலி 16,500. பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி நம்பர் இல்லை, பொருளின் பெயரும் இல்லை.

வந்த ஆள் உச்சி வெயிலில், தொட்டால் சுடுகிற கதவின்மேல் பூசினார். சின்னச் சின்னக் குமிழி வந்தது. கேட்டதற்கு, “காய்ஞ்சா அடங்கிடும்” என்றார். அடங்கவில்லை. ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் தூண்கள் மின்னியதைப் பார்த்துவிட்டு நானே அவருக்கு 500 ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். அதை இந்த 38,400-இல் சேர்க்கவில்லை.

அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. முதலில் மஞ்சள் தட்டியது, அப்புறம் முடி போலக் கீறல். போன வாரம் தூணில் நகத்தை வைத்து இழுத்தேன். பாம்புச் சட்டை மாதிரி ஒரு முழ நீளத்துக்கு அப்படியே உரிந்து வந்தது. அடியில் மரம் வெளுத்து, தொட்டால் கையில் பொடி ஒட்டுகிறது.

கடைக்கு போன் போட்டேன். முதல் தடவை, “ஒரு மழை பெய்யட்டும் சார், செட் ஆயிடும்.” இரண்டாவது தடவை, “கம்பெனி ஆள் வந்து பார்ப்பார்.” யாரும் வரவில்லை. மூன்றாவது தடவை, “நீங்க கதவுக்குத் தண்ணி ஊத்திக் கழுவுனீங்களா?” அப்புறம் போனையே எடுப்பதில்லை. இன்று நேரில் போய் அந்தக் கார்டை நீட்டினேன். “அது சும்மா ஒரு நம்பிக்கைக்கு எழுதினது சார். உங்க மரம் பழசு, அதான் பிடிக்கலை” என்கிறார். தாத்தா காலத்துத் தேக்கு சரியில்லையாம்!

இன்று கடைக்குப் போவதற்கு முன்னால், மிச்சம் இருந்த பாலிஷ் டின்னைக் கையோடு எடுத்துக்கொள்ளலாம் என்று தேடினேன். அதன்மேல் கடையின் ஸ்டிக்கர். ஓரம் தூக்கியிருந்தது, இழுத்தேன். அடியில் கம்பெனி அச்சடித்த எழுத்து: மெலமைன், ‘இன்டீரியர் யூஸ் ஒன்லி’. கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடிக்கிற பாலிஷ். அதை எனக்கு வாசலுக்கு விற்றிருக்கிறார். 38,400 ரூபாய்க்கு.

பக்கத்துத் தெரு ஆசாரி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “கண்ணாடி மாதிரி இருக்கிற பாலிஷ் வழியா வெயில் உள்ளே போயிடும் தம்பி. மேலே இருக்கிறது நல்லாத்தான் இருக்கும், அடியில மரம் வெந்து பிடி விட்டுடும்.” படித்துப் பார்த்தால் அதேதான். மரத்தின் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினைப் புற ஊதாக் கதிர் அரித்துவிடுகிறது, பூச்சு ஒட்டிக்கொள்ள இடம் இல்லாமல் உரிகிறது. தாத்தா வீட்டில் இதே தூண்கள் வெறும் எண்ணெய்த் துணி துடைப்பிலேயே அத்தனை வருஷம் நின்றதற்குக் காரணம் எண்ணெய் மட்டும் இல்லை. முன்னால் இறங்கியிருந்த தாழ்வாரம்தான். வெயிலே படாத தூணுக்கு எதைப் பூசினால் என்ன? நான் தூணை எடுத்து வந்தேன், தாழ்வாரத்தை விட்டுவிட்டேன்.

விளக்கமாக எழுத இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு டின்னைப் படியுங்கள். நேர் வெயிலுக்கு நிறமே இல்லாத பூச்சு வேண்டாம். நிறமி கலந்த, மரத்துக்குள் இறங்குகிற வெளிப்புற எண்ணெய் அல்லது ஸ்டெயின் கேளுங்கள். அது வெளுக்குமே தவிர உரியாது, வருஷா வருஷம் துடைத்துவிட்டு மேலேயே பூசிக்கொள்ளலாம். பியூ (பாலியூரித்தேன் பூச்சு) தான் வேண்டும் என்றால், வெயிலில் மஞ்சளாகாத அலிஃபாட்டிக் வகையா என்று கேளுங்கள், மற்ற வகை மஞ்சளாகும். சூடான மரத்தில் பூச விடாதீர்கள். கம்ப்யூட்டர் பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நாளைக்கு அழைக்கப்போகிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை என்பதால் அங்கேயும் போவேன். கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு, ஒரு விசிட்டிங் கார்டு, பாதி கிழிந்த ஸ்டிக்கரோடு ஒரு டின்.

ஆசாரி ஞாயிற்றுக்கிழமை வருகிறார். தூண்களைச் சுரண்டி உப்புத்தாள் போடவே இரண்டு நாள் ஆகுமாம். கூலி இன்னும் பேசவில்லை.