சுவரோவியக் கூலி: சதுர அடிக் கணக்கா, மொத்தத் தொகையா?

வீட்டுக்கும் கடைக்கும் சுவரோவியம் வரைபவர்கள் தடுமாறுவது விலை சொல்லும்போதுதான்: சதுர அடிக்கு இவ்வளவு என்பதா, முழு வேலைக்கும் சேர்த்து ஒரே தொகை என்பதா?

பேசி முடிக்க: சதுர அடி என்றால் டேப் வைத்து அளந்தால் போதும். மொத்தத் தொகைக்கு ஸ்கெட்ச் முடிவாகியிருக்க வேண்டும்.

உழைப்புக்கு ஈடு: சதுர அடிக் கணக்கு காலை வாரிவிடுவது இங்கேதான். 100 சதுர அடி வானத்தை ரோலரிலேயே ஓட்டிவிடலாம்; 10 சதுர அடி முகத்தில் இமைக்கும் உதட்டோரத்துக்கும் சன்னத் தூரிகையோடு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். சின்னச் சுவர் என்று கூலியைக் குறைப்பது அநியாயம்.

திருத்தம்: மொத்தத் தொகையில், எத்தனை முறை திருத்தித் தருவது என்று முன்பே எழுதிக்கொள்ளாவிட்டால் வேலை இழுத்துக்கொண்டே போகும்.

பட்டி (சுவரைச் சமமாக்கும் பூச்சு), பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), சாரம் எப்படியானாலும் தனிக் கணக்கு.

ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வரும் நீளமான கடைச் சுவருக்குச் சதுர அடி சரி. உருவப்படம், நுணுக்க வேலை என்றால் மொத்தத் தொகையே கேளுங்கள்.