டிஃபரன்ஷியல் போச்சு என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

பழைய பின்சக்கர இழுவை வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஒர்க்ஷாப்புக்குப் போங்கள். டிஃபரன்ஷியல் என்பது பின் அச்சின் நடுவில் இருந்து சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. என்னை மொட்டையடித்த இடத்தின் பெயரைப் போடப்போவதில்லை. இதே வேலையை இதே வரிசையில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் பெயரைவிட அந்த வரிசையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உபயோகம்.

வண்டியில் இருந்த தொந்தரவு இரண்டு. ஆக்சிலரேட்டரை விட்டுத் திரும்ப மிதித்தாலும், ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றிக் கிளட்சை விட்டாலும் அடியில் ‘டங்’ என்று ஓர் இரும்புச் சத்தம். அதோடு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் பொடிப்பொடியாக ஓர் அதிர்வு. ஸ்டியரிங் ஆடவே இல்லை. இதையெல்லாம் தெளிவாகச் சொல்லித்தான் வண்டியை விட்டேன்.

முதலில் வீல் பேலன்சிங் செய்தார்கள், போகவில்லை. டயர்தான் என்று டயரை மாற்றினார்கள், அதற்கும் போகவில்லை. பிறகு என்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டையான என்ஜின் மவுண்ட் என்றார்கள், பில்லில் மவுண்ட் ஏறியது, உதறல் அப்படியே இருந்தது. கடைசியில், கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாயான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிப் பார்த்ததாகவும் ஷாஃப்டில் ஒன்றும் இல்லை என்றும் சொல்லி வண்டியைக் கொடுத்தார்கள். எடுத்து ஓட்டினால் முன்பு 70-ல் வந்த அதிர்வு இப்போது 50-லேயே வருகிறது! போய்க் கேட்டதற்குத்தான் அந்த வசனம்: “சார், டிஃபரன்ஷியல் போச்சு, முழு செட்டும் மாத்தணும்.”

இதில் கோபம் வருவது எங்கே என்றால், இவர்களில் ஒருவர்கூட வண்டிக்கு அடியில் படுத்து ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்க்கவில்லை. வேறொரு மெக்கானிக் அதைத்தான் முதலில் செய்தார். சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஷாஃப்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினார். ஷாஃப்ட் சாய்ந்த கோணத்திலும் சுற்றுவதற்காக முனைகளில் யு-ஜாயிண்ட் என்ற இணைப்பு இருக்கும். பின்பக்க யு-ஜாயிண்டில் ஒரு பக்கம் அசைந்த பிறகுதான் மறுபக்கம் அசைந்தது, இடையில் அதே ‘டங்’. ஜாயிண்டின் நடுவில் கூட்டல்குறி மாதிரி இருக்கும் கிராஸின் மூடியைச் சுற்றிச் செம்பொடி மாதிரி துரு வேறு கசிந்திருந்தது. உள்ளே இருக்கும் ஊசி பேரிங்கில் கிரீஸ் வற்றிப்போனால் இப்படித்தான் ஆகும், டார்ச் அடித்தாலே தெரியும்.

அதிர்வு கூடியதற்குக் காரணம் இன்னொன்று. என் வண்டியில் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் சென்டர் பேரிங், அதையொட்டி ஸ்ப்லைன், அதாவது ஒன்றுக்குள் ஒன்று செருகும் பல்வரிசை. கழற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின் துண்டின் இரண்டு முனையிலும் இருக்கும், கிராஸைப் பிடிக்கும் கவைகள் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் ஒரு ஜாயிண்ட் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டும். ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளி மாட்டினால்கூட உதறும். அவர்கள் கோடும் போடவில்லை, மாட்டும்போது பார்க்கவும் இல்லை. தாங்கள் உண்டாக்கிய உதறலைக் காட்டியே டிஃபரன்ஷியல் விற்கப் பார்த்தார்கள், அதுதான் துணிச்சல்.

டிஃபரன்ஷியல் கெட்டால் பெரும்பாலும் ஊளையிடும், மிதிக்கும்போது ஒரு மாதிரியும் காலை எடுத்தால் வேறு மாதிரியும். மாற்றச் சொல்கிறவரிடம் ஆயிலை வடித்துக் காட்டச் சொல்லுங்கள், இரும்புச் சிம்புகள் வருகிறதா என்று பார்ப்போம். பழைய வண்டியில் பினியன் பக்கம், அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் சின்னப் பல்சக்கரத்தில், திருகினால் கொஞ்சம் லூஸ் இருப்பது சகஜம், அதைக் காட்டிப் பயமுறுத்தினால் மயங்காதீர்கள்.

டயரா ஷாஃப்டா என்று பிரிப்பதும் கஷ்டமில்லை. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் மூன்று, நான்கு சுற்று சுற்றிவிடும். அதனால் டயர் கோளாறு மெதுவாகத் தூக்கித் தூக்கிப் போடும், ஷாஃப்ட் கோளாறு ரீங்காரம் மாதிரி பொடியாக அடிக்கும். காலிச் சாலையில் அதிர்வு வரும் வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். என்ஜின் ஐடிலுக்கு இறங்கியும் அதிர்வு நிற்கவில்லை என்றால் என்ஜின் மவுண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆனால் ‘டங்’ வந்தபிறகு இழுத்தடிக்கவும் வேண்டாம், முன்பக்க ஜாயிண்ட் ஓட்டத்தில் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தும், அது உயிர் விஷயம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு கிராஸ் செட்டும், ஷாஃப்டைச் சரியாகப் பூட்டியதும்தான். புதுசு என்று பில் போட்ட என்ஜின் மவுண்டும் பழசேதான், துடைத்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எதை மாற்றினாலும் பழைய சாமானை டிக்கியில் போடச் சொல்லுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள்.

அந்த மவுண்டின் போட்டோவோடு போய் நின்றதும் மவுண்டுக்கான காசை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். டயர் காசைக் கேட்டதற்கு, “டயர் புதுசுதானே சார், ஓட்டுங்க” என்கிறார் அந்த ஆள்.