பல் பிடுங்கத் திருவனந்தபுரம் வரை

மகனுக்கு வில்லியம்ஸ் சிண்ட்ரோம். ஏழாவது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லை. அதோடு ரத்தக்குழாய்க்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் புரதத்துக்கான மரபணு ஒன்றும் போய்விடுவதால் பெருந்தமனியில், வால்வுக்குச் சற்று மேலே சுருக்கம். மெல்போர்னிலிருந்து கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு வந்த இடத்தில் கடைவாய்ப்பல் சீழ் பிடித்துக்கொண்டது. டிரில் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். அதனால் மயக்கம் கொடுக்காமல் முடியாது.

பக்கத்து டவுன் பல் கிளினிக்கில், "லேசா மயக்கம் குடுத்து எடுத்திரலாம், பத்து நிமிஷ வேலை" என்றார்கள். இதயத்தைப் பற்றிச் சொன்னதற்கு, "எக்கோல மைல்டுன்னுதானே இருக்கு?" என்றார் டாக்டர். எழுந்து வந்துவிட்டோம். எக்கோ ஸ்கேனில் சுருக்கம் மைல்டாக இருந்தாலும், இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்களின் வாய் சுருங்கியிருக்கலாம். அது எக்கோவில் தெரியாமலும் போகும். மயக்கத்தில் பிரஷர் சட்டென்று இறங்கினால் இதயத்தசைக்கு ரத்தம் பற்றாது. அப்படி நின்றுபோன இதயத்தை மீட்பது பெரும்பாடு.

பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி, திருவனந்தபுரத்தில் இதய அறுவை சிகிச்சை நடக்கும் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். பல்லைப் பார்ப்பதற்கு முன்பே மயக்க மருந்து டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார். ஓடும்போது நெஞ்சு வலித்ததுண்டா, மயங்கி விழுந்தானா, தூக்கத்தில் குறட்டை உண்டா, கால்சியம் கடைசியாக எப்போது பார்த்தது என்று மலையாளம் கலந்த தமிழில் துருவித் துருவிக் கேட்டார். ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகள் மின்தூண்டல் பெற்று ஓய்வுக்குத் திரும்ப எடுக்கும் நேரமான க்யூடி இடைவெளி பார்க்கப் புதிதாக ஈசிஜி எடுக்கச் சொன்னார். வார்டில் கொடுத்த தாளில் 'நள்ளிரவுக்குப் பின் தண்ணீர் கூடாது' என்று இருந்ததை அவரே பேனாவால் அடித்து, 2 மணி நேரம் முன்புவரை தெளிந்த நீர் கொடுக்கலாம் என்று எழுதினார். உடம்பில் நீர் வற்றினாலும் பிரஷர் இறங்கும் அல்லவா? அன்றைய முதல் கேஸ் இவன்தான். உள்ளே போகுமுன்பே டிரிப்ஸ் ஏறியது. கெட்டமின் என்ற மயக்க மருந்து துடிப்பைக் கூட்டும், இவனுக்கு வேண்டாம் என்றார். பிரஷரை ஏற்ற ஃபீனைலெஃப்ரின் நிரப்பி, லேபிள் ஒட்டிய சிரிஞ்சு தயாராக இருந்தது.

இவனோ செக்யூரிட்டி முதல் தியேட்டர் நர்ஸ் வரை எல்லாரிடமும் பெயர் கேட்டுக் கை குலுக்கிக்கொண்டிருந்தான். "பேடிக்கண்டா மோனே" என்ற சேச்சியிடம், "நீங்க பயப்படாதீங்க" என்றான்.

பல் எடுத்தபின் ஓர் இரவு மானிட்டரில் வைத்திருந்தார்கள். பிறவிக் கோளாறு என்று சொல்லிப் பயணக் காப்பீட்டில் பைசா தரவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளையோடு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் எக்கோ படங்களையும், முந்தைய ஆபரேஷனின் மயக்க மருந்துச் சார்ட்டையும் கேட்டு வாங்கி வாருங்கள். எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை அந்த மயக்க மருந்து டாக்டரம்மா ஒரு பக்கம்தான் புரட்டினார். சார்ட்டை வரிவரியாகப் படித்தார்.